தொப்பியைக் கழற்றியவரின் சர்வீஸ்

மஸ்கட்டின் ரூவி ஹை ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருக்கும் நம்மூர்க்காரருக்கு 'ஷுர்த்தா' என்றால் போலீஸ் என்று தெரியும். குற்றவழக்கு நடத்தும் பப்ளிக் பிராசிக்யூஷன் வேறொரு அலுவலகம் என்பது, வழக்கில் மாட்டினால்தான் புரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓமானில் அந்த வேலை போலீஸின் கையில்தான் இருந்தது. 1999-இல் 92/99 எண்ணுள்ள சுல்தானின் ஆணை அதற்கெனத் தனிச் சட்டம் தந்தது. போலீஸ் தலைமையின் பிடியிலிருந்து நிர்வாகமும் நிதியும் விடுபட 2011-இன் 25-ஆம் ஆணை வர வேண்டியிருந்தது.

தாய்த்துறையிலிருந்து ஒரு துறை தனிக்குடித்தனம் போனால் ஆட்களும் கூடவே வருவார்கள். அப்படி வருகிறவரின் போலீஸ் வருடங்களை என்ன செய்வது? பத்து வருடம் சீருடையில் இருந்தவர், நேற்றுச் சட்டக் கல்லூரி முடித்துச் சேர்ந்த பையனுக்குப் பக்கத்தில் முதல் நாள் ஊழியராக நிற்க வேண்டுமா?

பென்ஷனுக்குச் சேர்த்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இரண்டுமே அரசு உத்தியோகம்தான். சிக்கல் சீனியாரிட்டியில் இருக்கிறது.

சேர்க்கலாம் என்பவர்களின் வாதம் லேசானதல்ல. மகஜரை ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது எந்த இடத்தில் பொய் சொல்லும் என்று தெரியும். சாட்சி இல்லாத இடத்தில் சாட்சிக் கையெழுத்து எப்படி வந்தது என்பதைப் புத்தகம் படித்தவரைவிட அவர் சீக்கிரம் மோப்பம் பிடிப்பார். ஆனால் பிடித்த பிறகு என்ன செய்வார் என்பதல்லவா கேள்வி! ஓமானின் சட்டப்படி பிராசிக்யூட்டர் வழக்கு நடத்துபவர் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையை மேற்பார்வை பார்ப்பவரும்கூட. பழைய ஸ்டேஷன் வருடங்களே அவருக்குப் பதவி உயர்வு தருமானால், மேலே வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டேஷன் பழக்கத்தில் ஊறியவர்களாகவே இருப்பார்கள். எழுதியவர் கஷ்டம் எழுதியவருக்குத்தான் தெரியும் என்ற அந்தப் பரிவு, கூண்டில் நிற்பவனுக்கு ஆபத்து.

இந்தியா இந்தப் பாடத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்தது. முன்பு போலீஸ்காரர்களே கீழ் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தினார்கள். 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை மாற்றியது. அப்புறமும் மகாராஷ்டிரத்தில் உதவி பப்ளிக் பிராசிக்யூட்டர்கள் (ஏ.பி.பி.க்கள்) போலீஸ் துறையின் கீழேயே இருக்க, அவர்களைப் பிரித்துத் தனிப் பிரிவாக்கச் சொல்லி 1995-இல் ஷஹானே வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவக் கணக்கிலும் 1973-இன் சட்டம் ஒரு கோடு போட்டது. பப்ளிக் பிராசிக்யூட்டர் ஆக ஏழு வருட வக்கீல் தொழில் வேண்டும். அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் பதவியில் கழித்த காலமும், பதவியின் பெயர் எதுவானாலும், அந்த ஏழில் சேரும். திருடனைத் துரத்திய காலம் சேராது.

இதுவே எனக்குச் சரியான அளவுகோலாகப் படுகிறது. பார்க்க வேண்டியது சீருடையை அல்ல, அந்த வருடங்களில் அவர் செய்த வேலையை. போலீஸில் இருந்துகொண்டே நீதிமன்றத்தில் வழக்கு நடத்தியவருக்கு அந்தக் காலத்தைக் கொடுக்காவிட்டால் அநியாயம். போக்குவரத்துப் பிரிவில் இருந்தவருக்குக் கொடுத்தால் அதுவும் அநியாயம்.

இந்தியாவில் கோடு போட்டவர்களே ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள். ஏ.பி.பி. கிடைக்காத வழக்கில், இன்ஸ்பெக்டருக்குக் குறையாத, அந்தப் புலனாய்வில் கை வைக்காத போலீஸ் அதிகாரியை மாவட்ட மாஜிஸ்திரேட் நியமிக்கலாம். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அதை அடைக்கவில்லை.