மார்பகப் படம் படிக்கும் செயற்கை நுண்ணறிவு: ஸ்வீடன் சோதனையும் திண்டுக்கல் கணக்கும்

மார்பகப் புற்றுநோயை அறிகுறி தோன்றும் முன்பே கண்டறிய எடுக்கப்படும் எக்ஸ்ரே படம் மேமோகிராம் எனப்படுகிறது. இந்தப் படத்தைப் படிக்கும் கதிரியல் மருத்துவருக்குச் செயற்கை நுண்ணறிவு துணை செய்ய முடியும் என்பதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் சான்று, ஸ்வீடனில் நடந்த மாசாய் ஆய்வு. அதன் முதல் முடிவுகள் 2023 ஆகஸ்டில் லான்செட் ஆன்காலஜி இதழில் வெளிவந்தன. அந்த ஆய்வு எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை, திண்டுக்கல் போன்ற ஒரு மாவட்டத்துக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஸ்வீடனில் குறிப்பிட்ட வயதுப் பெண்கள் அனைவருக்கும் பரிசோதனைக்கு வரும்படி அழைப்பு போகும். எடுத்த ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படிப்பது அங்குள்ள வழக்கம். நம் பொதுத்தேர்வு விடைத்தாளை ஒருவர் திருத்தியபின் கூர்ந்தாய்வு அலுவலரும் முதன்மைத் தேர்வாளரும் பார்ப்பதைப் போன்றது இது. ஆனால் அங்கே மருத்துவர் பற்றாக்குறை வந்துவிட்டது. எனவே லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா லாங் தலைமையிலான குழு ஒரு சோதனை செய்தது. 80,033 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவின் படங்களை வழக்கம்போல் இரு மருத்துவர்கள் படித்தார்கள். மற்றப் பிரிவில் டிரான்ஸ்பாரா என்ற நிரல் ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டது. 1 முதல் 9 வரை பெற்ற படத்தை ஒரே மருத்துவரும், 10 பெற்ற படத்தை இருவரும் படித்தார்கள்.

முடிவு: நிரல் உதவிய பிரிவில் 244 பெண்களுக்கும், மற்றதில் 203 பெண்களுக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஆயிரம் பேருக்கு 6.1, 5.1 என்ற கணக்கு. வீணாக அச்சுறுத்தப்பட்டவர்களின் விகிதம் இரு பிரிவிலும் 1.5 சதவீதம்தான். படிக்கும் வேலை 44.3 சதவீதம் குறைந்தது.

இது நேர்மையாகச் செய்யப்பட்ட ஆய்வு. பழைய படங்களை நிரலிடம் கொடுத்து, ‘மருத்துவரை வென்றது’ என்று அறிவிக்கும் தாள்கள் ஏராளம் வந்துள்ளன. இங்கே உண்மையான பெண்கள், உண்மையான அழைப்பு, குலுக்கல் முறை எல்லாம் இருந்தன. ஆயினும் அதன் எல்லைகளை ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள்: ஒரே வகை மேமோகிராம் கருவி, ஒரே நிரல், அனுபவமுள்ள மருத்துவர்கள். வேறு கருவி, வேறு மக்கள், புதிதாகப் படித்து வந்த மருத்துவர் என்று மாறினால் இதே எண்கள் வருமா என்பதற்கு இந்த ஆய்வில் பதில் இல்லை.

முன்பும் ஒரு முறை வந்தது

மேமோகிராமுக்குக் கணினி துணை வருவது இது முதல் முறையன்று. 1998-லேயே அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், படத்தில் சந்தேகமான இடத்தைக் குறியிட்டுக் காட்டும் கணினி முறைக்கு அனுமதி அளித்தது. அதற்கெனத் தனிக் கட்டணமும் கிடைத்ததால் மருத்துவமனைகள் வேகமாக வாங்கின. 2007-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அந்தக் கருவி வந்தபின் படிப்பின் துல்லியம் குறைந்தது என்று காட்டியது. 2015-இல் 271 மருத்துவர்கள் படித்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேமோகிராம்களை ஆராய்ந்த இன்னொரு ஆய்வு, அதனால் எந்தப் பலனும் இல்லை என்றது. இடையில் பதினேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. காசு கொடுத்தவர்கள் கொடுத்ததுதான். இன்றைய நிரல்கள் அன்றையவற்றைவிடப் பல மடங்கு திறமையானவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வாங்கிய பிறகு சோதிப்பது என்ற அந்த வரிசை மீண்டும் வரக்கூடாது.

இன்னொரு சிக்கல், மனிதர் நிரலைச் சார்ந்து விடுவது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு 2023-இல் ரேடியாலஜி இதழில் வெளியிட்ட சோதனையில் 27 மருத்துவர்கள் பங்கேற்றார்கள். நிரல் சொன்னதாக வேண்டுமென்றே சில தவறான விடைகளை அவர்களிடம் கொடுத்தார்கள். நிரல் சரியாகச் சொன்ன படங்களில் அனுபவம் குறைந்தவர்களின் துல்லியம் ஏறத்தாழ 80 சதவீதம். தவறாகச் சொன்ன படங்களில் அது 20 சதவீதத்துக்கு விழுந்தது. மிகுந்த அனுபவமுள்ளவர்களே 82-இலிருந்து 45.5-க்கு வந்தார்கள். விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. முன்னவர் சிவப்பு மையில் ‘சரி’ போட்டுவிட்ட விடையில் நம் கண் நிற்பதே இல்லை. இந்தச் சரிவு அனுபவம் குறைந்தவரிடம் அதிகம் என்பதுதான் நமக்குக் கவலை தரும் செய்தி. மூத்த மருத்துவர் இல்லாத ஊருக்குத்தான் இந்த நிரலை அனுப்பலாம் என்கிறார்கள்.

நம் கேள்வி வேறு

உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022-இல் இந்தியாவில் புதிதாக 1,92,020 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. 98,337 பேர் இறந்தார்கள். புதிதாக நோய் கண்டவர்களின் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இறப்பு. காரணம், பலரும் நோய் முற்றியபின் வருவது. மேமோகிராமைத் தவறாகப் படித்ததால் இவர்கள் தாமதமாகவில்லை. இவர்களில் பெரும்பாலோருக்கு மேமோகிராம் எடுக்கப்படவே இல்லை.

ஒன்றிய அரசின் 2016 வழிகாட்டுதல், 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் மார்பகப் பரிசோதனை செய்யவேண்டும் என்கிறது. எல்லோருக்கும் மேமோகிராம் என்பது நம் திட்டத்திலேயே கிடையாது. அதாவது, ஸ்வீடன் தன் இரண்டாவது வாசகருக்குப் பதிலாக நிரலை வைத்துப் பார்த்தது. நம்மிடம் படிக்கப் படமே இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப இந்தியாவிலேயே ஒரு முயற்சி நடக்கிறது. 2016-இல் கீதா மஞ்சுநாத், நிதி மாத்தூர் ஆகியோர் பெங்களூரில் தொடங்கிய நிராமை நிறுவனத்தின் தெர்மாலிட்டிக்ஸ் முறை, மார்பகத்தின் வெப்பப் படத்தைச் செயற்கை நுண்ணறிவால் படிக்கிறது. தொடவேண்டாம், கதிர்வீச்சு இல்லை, பெட்டியைக் கிராமத்துக்கே எடுத்துப் போகலாம். நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பல முறை எச்சரித்துள்ளது. நிராமை குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 470 பெண்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அறிகுறியோடு வந்தவர்கள். நோயில்லாதவரை நோயில்லாதவர் என்று சொன்ன திறன் 82.39 சதவீதம்.

இந்த எண்ணைப் பத்தாம் வகுப்புக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். அறிகுறி எதுவும் இல்லாத 1000 பெண்களில் 3 பேருக்குப் புற்றுநோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீதி 997 பேரில் சுமார் 175 பேரிடம் ‘சந்தேகம் இருக்கிறது’ என்று இந்த முறை சொல்லும். மூன்று பேரைத் தேட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அடுத்த ஸ்கேனுக்கும், சிலர் ஊசிப் பரிசோதனைக்கும் அலையவேண்டும். நிலக்கோட்டையில் பூப் பறிக்கிறவருக்கும் வேடசந்தூர் நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிறவருக்கும் ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் கூலி. இடைப்பட்ட வாரங்களில் வீட்டில் நடக்கும் பேச்சைக் கணக்கில் சேர்க்க எந்த ஆய்விலும் கட்டம் இல்லை.

மறுபுறம், கையால் பார்க்கும் எளிய முறைக்கு இந்தியச் சான்று உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய சோதனையில் 1,51,538 பெண்கள் இருந்தார்கள். இரண்டாண்டுக்கு ஒரு முறை பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் பரிசோதித்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே பலன் தெளிவாகத் தெரியவில்லை. இந்தியாவில் 40-களிலேயே பலருக்கு நோய் வருகிறது என்பதால் இது சின்னக் குறையன்று. அடர்த்தியான இளவயது மார்பகத்தில் மேமோகிராமும் திணறும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த வயதினருக்கு உதவும் நிரல் ஒன்று வந்தால் அதை வரவேற்கலாம்.

அம்பிளிக்கை கற்றுத் தந்தது

பரிசோதனையால் உயிர் காக்கும் வேலை திண்டுக்கல்லுக்குப் புதியதன்று. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து, 2000 முதல் இம்மாவட்டத்தின் 114 ஊராட்சிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை நடத்தின. நவீனக் கருவி எதுவுமில்லை. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைப் பயிற்சி பெற்ற செவிலியர் வெறும் கண்ணால் பார்த்தார்கள். 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். 2007-இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் வினிகரின் மலிவைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு எண்களை. சந்தேகம் என்று கண்ட 3,088 பேரில் 3,052 பேருக்கு அடுத்த கட்டப் பரிசோதனை நடந்தது. ஏனென்றால் அவர்களை ‘பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று சீட்டு எழுதி அனுப்பவில்லை. பரிசோதித்த செவிலியரே அடுத்ததையும் செய்யப் பயிற்சி பெற்றிருந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு இவ்வளவு எளிதாக முடியாது. திசுப் பரிசோதனை, அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என்று நீளும் பாதை அது. அதனால்தான் அந்தப் பாதையின் முதல் படியை மட்டும் இயந்திரமாக்குவது போதாது என்கிறேன்.

2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. ஏற்கெனவே கட்டியோடு வருகிறவர்களின் படங்களை அங்கே வரிசைப்படுத்தி, அவசரமானதை முதலில் மருத்துவர் கண்ணில் படவைக்க ஒரு நிரல் உதவலாம். அப்படி வாங்கினால், நம் பெண்களின் படங்களிலும் நம் கருவிகளிலும் அது சோதிக்கப்பட்டிருக்கவேண்டும். மருத்துவர் தன் முடிவை எழுதிய பிறகே நிரலின் மதிப்பெண் திரையில் வரவேண்டும். நிரல் கண்டுபிடித்தவர்கள் எத்தனை பேர் என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதும் ஆண்டறிக்கையில் இருக்கவேண்டும்.

அம்பிளிக்கை ஆய்வு அதை மறைக்காமல் எழுதியிருந்தது. தகுதியுள்ள 49,311 பெண்களில் பரிசோதனைக்கு வராதவர்கள் 17,968 பேர். புற்றுக்கு முந்தைய நிலை கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம்.