அனுப்புவதற்கு ஒரு பாட்டு

2012 ஒக்டோபர் 14ஆம் திகதி சோல் நகரில் ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் தன் முதலாவது தொலைக்காட்சிப் பாடல் விழாவை நடத்தியது. பங்குபற்றிய 11 நாடுகளில் இலங்கையும் ஒன்று. அர்ஜுன ரூகாந்தவும் ஷானிகா மதுமாலியும் ஒரு சிங்களப் பாட்டோடு மேடையேறினார்கள். அந்த விழாவில் புள்ளியும் இல்லை, பரிசும் இல்லை; வந்தவர் எல்லோரும் பாடிவிட்டுப் போகலாம். புள்ளிபோட்டுப் பார்ப்பது அதன் சகோதர விழாவான வானொலிப் பாடல் விழாவில்தான். அது 2014இல் கொழும்பிலேயே நடந்தது. நம் வீட்டு வாசலுக்கே வந்த அந்த விழா, இங்கே ஒரு வழக்கமாக வேரூன்றவில்லை. 2025 செப்டம்பரில் மொஸ்கோவில் இன்டர்விஷன் பாட்டுப் போட்டி மீண்டும் தொடங்கியபோது இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அழைப்பை ஏற்றன. இந்தியா ரௌஹான் மாலிக்கை அனுப்பியது. வியட்நாமின் டுக் புக் வென்றார். பட்டியலில் இலங்கை இல்லை. ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு ஓர் ஆசியக் கிளை என்ற திட்டம் 2017இல் பெரிதாகப் பேசப்பட்டு 2021இல் கைவிடப்பட்டது. இப்படி மேடைகள் எழுவதும் கலைவதுமாக இருக்கையில், இவற்றில் இலங்கைக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டால், பலரும் பணத்தையோ திறமையையோ பற்றித்தான் பேசுவார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. பாடகரைத் தேர்ந்தெடுக்க நமக்கு நன்றாகத் தெரியும். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம்தான் இல்லை.

இரண்டும் ஒன்றல்ல. சிரச சுப்பர்ஸ்டார் தொடங்கிய 2006 முதல் நம் தொலைக்காட்சிகள் நடத்திவருபவை குரல் போட்டிகள். ஏற்கெனவே யாரோ எழுதி, யாரோ மெட்டமைத்து, ஊரே அறிந்த பாட்டை இன்னொருவர் எவ்வளவு நன்றாகப் பாடுகிறார் என்பதே அங்கே சோதனை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த மேடை சென்னையில் இருக்கிறது. 2023 டிசம்பரில் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா ஜீ தமிழின் சரிகமப சிறுவர் போட்டியில் முதலிடம் பெற்றபோது, ஒரு நாட்டின் வெற்றிபோலவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அது பேசப்பட்டது. அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் அந்த மேடையில் வென்றது இந்த மண்ணின் குரல். பாடப்பட்டவையோ பெரும்பாலும் தமிழகத்துத் திரையிசை. யூரோவிஷன் போன்ற போட்டியின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. பாட்டு புதிதாக இருக்கவேண்டும், மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. விதிப்படி அது பாட்டை ஆக்கியவர்களின் போட்டி. பாடகர் அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடுத்தவர் பாட்டுகளை வரிசைப்படுத்துவதில் கொழும்பு யூரோவிஷனுக்கே மூத்தது. யூரோவிஷன் 1956 மே மாதம் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. அதற்கு மூன்றரை ஆண்டு முன்பே, 1952 டிசம்பரில், பினாக்கா கீத்மாலா இலங்கை வானொலியில் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. அகில இந்திய வானொலி திரைப்பாட்டுக்குக் கதவைச் சாத்திய காலம் அது. பம்பாயில் அமீன் சயானி பதிவுசெய்த நிகழ்ச்சி கொழும்பின் சிற்றலையிலிருந்து துணைக்கண்டம் முழுவதும் போனது. எது முதலிடம், எது மூன்றாமிடம் என்று வாராவாரம் கோடிப் பேர் காத்திருந்தார்கள். தமிழ்ச் சேவையில் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் தமிழகத்து நேயர்களுக்கு அவர்களுடைய பாட்டுகளையே புதிதாக அறிமுகம் செய்தார்கள். கேட்பதில், பகுத்துணர்வதில், நல்லதை முன்னே வைப்பதில் இந்த நகரத்துக்கு இருந்த தேர்ச்சி சாதாரணமானதல்ல. அந்தத் தேர்ச்சி அயலார் பாட்டுக்கே பெரிதும் செலவானது.

சொந்தப் பாட்டு இருக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. இருந்தது, அதுவும் இத்தகைய மேடைக்கென்றே வார்த்தது போல இருந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டை எடுத்துக்கொள்வோம். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் ஒரு சின்ன நாடகம் அது. யாழ்ப்பாணத்துக் குறும்பும் ஊர்ப்பேச்சும் அதில் அப்படியே இருக்கின்றன. மெட்டோ ஒரு முறை கேட்டவர் மறுமுறை சேர்ந்து பாடக்கூடியது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. மீனும் காதலும் கலந்த கொழும்புத் தெருப்பாட்டு. பல்லவி ஒரு பெயரைக் கூப்பிடுவதிலேயே தொடங்குகிறது. கூப்பிடும் குரலுக்கு எந்த மொழிக்காரரும் திரும்பிப் பார்ப்பார். மெட்டு நாலைந்து சுரங்களுக்குள் ஏறி இறங்குகிறது, அதனால் பாடத் தெரியாதவரும் பாடலாம். கீழே ஓடும் பைலாத் தாளம் ஆறாகவும் எண்ணலாம், இரண்டாகவும் எண்ணலாம் என்ற இரட்டைத்தன்மை கொண்டது. மனம் எந்தக் கணக்கில் போவது என்று முடிவெடுக்குமுன் கால் முடிவெடுத்துவிடும். சிங்களம் அறியாத தமிழகம் அந்தப் பாட்டைத் தன் பாட்டாகவே வைத்துக்கொண்டதற்கு இந்த உள்கட்டமைப்புத்தான் காரணம். சொல் விளங்காத செவிக்கு முதல் இருபது வினாடியில் என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தக் கலைஞர்கள் யாரிடமும் பாடம் கேட்காமலே விடை கண்டிருந்தார்கள். கிற்றாரும் கைத்தட்டலும் போதும் என்ற சிக்கனம் வேறு. இன்றைய மேடைகளின் புகையையும் தீப்பொறியையும் பார்க்கையில் அந்தச் சிக்கனத்தின் மதிப்புக் கூடுகிறது.

இந்தப் பாட்டுகள் ஒரு மொழிக்குள் அடைபட்டுப் பிறந்தவையும் அல்ல. பைலா போர்த்துக்கேயர் காலத்து எச்சம். ஆபிரிக்க வழிவந்தவர்களின் கப்ரிஞ்ஞா இசையோடு கலந்து, பாடகர் வொலி பஸ்டியன் கையில் சிங்களப் பாட்டானது. ஒருவர் பாட்டிலேயே கேட்க, மற்றவர் உடனே பாட்டிலேயே மறுத்துரைக்கும் வாத பைலா என்ற ஒரு போட்டி வடிவமே அதில் உண்டு. மறுபுறம், சிங்களத் திரையிசையின் பொற்காலத்தை ஆக்கியவர்களில் ஆர். முத்துசாமியும் எம். றொக்சாமியும் முன்வரிசையில் இருந்தார்கள். தமிழர் மெட்டமைக்கச் சிங்களவர் பாடியதும், சிங்களத் தாளத்தில் தமிழர் பொப் பாடியதும் இங்கே வழக்கமாக நடந்தவை. இதைவிடத் தகுதியான மூலதனம் ஒரு சர்வதேசப் பாட்டுப் போட்டிக்கு வேறென்ன வேண்டும்?

இதற்கு முதலில் எழும் மறுப்பு, இணையம் இருக்கும்போது போட்டி எதற்கு என்பது. யொஹானியின் ‘மெனிக்கே மகே ஹித்தே’ 2021இல் எந்த நடுவரையும் கேட்காமல் உலகம் சுற்றியது. அடுத்த ஆண்டு ஒரு ஹிந்திப் படத்துக்குள்ளும் நுழைந்தது. வலுவான உதாரணந்தான். ஆனால் சற்று உற்றுப் பார்த்தால் அது என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. அந்தப் பாட்டை 2020இல் முதலில் வெளியிட்டவர் சதீஷன் ரத்நாயக்க, டுலான் ஏஆர்எக்ஸுடன். இசை சமத் சங்கீத். உலகம் அறிந்தது யொஹானியின் முகத்தை. பாட்டைச் செய்தவர்கள் அடிக்குறிப்பில் நின்றுவிட்டார்கள். அதே பாட்டு ஓராண்டு முன்பே இங்கே இருந்தும் அதை எடுத்து இதோ நம் பாட்டு என்று முன்னே வைக்க ஓர் அமைப்பு இருக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். தற்செயல் ஒரு முறை கைகொடுத்தது. அது ஆண்டுதோறும் கைகொடுக்கும் என்று நம்புவது லொத்தர் சீட்டை வருமானக் கணக்கில் எழுதுவதற்குச் சமம்.

பணமில்லை என்பது அடுத்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டில் அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிடமுடியாது. மருந்துக்கு வரிசையில் நின்ற மக்களிடம் மேடை விளக்குக்குக் காசு கேட்க யாருக்கும் நாக்கூசும். ஆனால் செலவு பெருகுவது போட்டியை நடத்துவதிலும் மேடையை அலங்கரிப்பதிலும்தான். பாட்டைத் தேர்ந்தெடுக்க ஓர் ஒலிப்பதிவுக்கூடமும் நல்ல செவிகளும் போதும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கூடம் இருக்கிறது. மெல்லிசைப் பாட்டுகளைச் சொந்தமாகவே ஆக்கி ஒலிபரப்பிய வரலாறும் இருக்கிறது. சுவீடன் தன் பாட்டை மெலொடிஃபெஸ்டிவாலன் என்ற உள்நாட்டுப் போட்டியில் தேர்கிறது. இத்தாலியின் சன்ரெமோ விழா யூரோவிஷனுக்கே முன்மாதிரி. அந்த நாடுகளில் உள்நாட்டுத் தேர்வுதான் திருவிழா. வெளிநாட்டுப் போட்டி அதன் பின்னால் வரும் ஒரு நாள் பயணம்.

போட்டி என்றாலே அரசியல்தானே என்பவர்களுக்கும் ஆதாரம் குறைவில்லை. இஸ்ரேல் பங்குபற்ற அனுமதிக்கப்பட்டதை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லொவேனியா, ஐஸ்லாந்து ஆகியவை 2026 வியன்னாப் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தன. மொஸ்கோ மேடையின் அரசியல் சொல்லாமலே விளங்கும். ஆகவே எந்த மேடை என்பதை ஒரு நாடு யோசித்துத்தான் முடிவெடுக்கவேண்டும். போகாமலிருப்பதும் மதிக்கத்தக்க முடிவாகலாம். ஆனால் கையில் பாட்டு இருந்தும் போக மறுத்தவை அந்த ஐந்து நாடுகள். அனுப்ப எதுவுமே இல்லாதவர் வராமலிருப்பதை யாரும் எதிர்ப்பாக எண்ணுவதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வி. சிங்களத்தில் என்று ஒரு சாராரும், ஆங்கிலம்தான் விலைபோகும் என்று இன்னொரு சாராரும் சொல்வார்கள். தமிழில் என்றால் புருவங்கள் உயரும். தேசிய கீதம் 2016 சுதந்திர தினத்தில் தமிழிலும் பாடப்பட்டு, 2020இல் அது நிறுத்தப்பட்ட நாடு இது. புருவம் உயர்வதில் வியப்பில்லை. மற்ற நாடுகள் என்ன செய்தன? நான்கு தேசிய மொழிகள் கொண்ட சுவிற்சர்லாந்து, அவற்றுள் மிகச் சிறியதான ரொமான்ஷ் மொழியில் 1989இல் ஒரு பாட்டை அனுப்பியது. 2016இல் உக்ரைனின் ஜமாலா, நாடுகடத்தப்பட்ட தன் கிரைமியத் தாத்தார் மக்களின் கதையை அவர்கள் மொழியிலேயே பல்லவியாக்கி வென்றார். ஒரு சிறுபான்மையின் வலி அந்த நாட்டின் சார்பிலேயே ஒலித்தது என்பது நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்கவைக்கவேண்டும். பைலாவின் பூர்வீகமான போர்த்துக்கல் 1964இல் முதன்முதல் போய்ப் பூச்சியத்தோடு திரும்பியது. 2017இல் சல்வடோர் சோப்ரால், தன் அக்கா எழுதிய ஒரு மென்மையான போர்த்துக்கேயப் பாட்டைக் கையசைவும் நெளிவும் மட்டுமாகப் பாடி முதலிடத்தைக் கொண்டுவந்தார். 53 ஆண்டுகள்! நமக்கோ அத்தகைய பொறுமை இல்லை.

இரண்டு மொழிக்கும் நியாயம் செய்கிறோம் என்று ஒரு சரணம் சிங்களத்திலும் ஒரு சரணம் தமிழிலுமாக ஒட்டுப்போட்ட பாட்டு ஒன்று வந்துவிடுமோ என்பதே என் பயம். சமாதானத்துக்கென்று ஆக்கப்பட்ட அத்தகைய பாட்டுகள் இங்கே நிறைய உண்டு. எவருடைய வாயிலும் அவை நிற்பதில்லை. ‘சுராங்கனி’ நல்லிணக்கம் பேசவில்லை, மீனைப் பற்றிப் பேசியது. அதனால்தான் எல்லா வீட்டுக்குள்ளும் போனது. தேர்வு செய்வதானால் ஒரு விதி போதும். எழுதியவர் பெயரும் பாடியவர் முகமும் மறைத்து, பாட்டை மட்டும் ஒலிக்கவிடவேண்டும். நடுவரில் பாதிப்பேராவது அந்தப் பாட்டின் மொழி அறியாதவர்களாக இருக்கவேண்டும்: சிங்களப் பாட்டை மட்டக்களப்பிலிருந்து வந்தவர் கேட்கட்டும், தமிழ்ப் பாட்டை மாத்தறையிலிருந்து வந்தவர் கேட்கட்டும். எந்த மேடைக்குப் போவது, யார் காசு கொடுப்பது என்பதெல்லாம் அதற்கு அடுத்த மாதத்து வேலை.