நெய்தற் பாடல்களில் சிறுமியர் பேணிய உயிர்கள்: வண்டற்பாவையும் புன்னையும்

கொற்கை இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், முத்துக்குளித்துறையாக விளங்கிய கடற்கரையைச் சார்ந்த தொல்லூர். அதன் பரதவர் சுறாவை விலக்கி, மூழ்கி, வலம்புரிச் சங்கு கொணர்வதை அகநானூறு 350ஆம் பாடல் காட்டுகிறது. முதிர்ந்தோர்க்குக் கடல் உயிர் அஞ்சி விலக்கத்தக்கது அல்லது எடுத்துப் பயன்கொள்ளத்தக்கது. அதே நெய்தல் திணையில் சிறுமியர் கொள்ளும் உறவு வேறு.

அம்மூவனாரின் ஐங்குறுநூறு 124ஆம் பாடலில், தான் மணலில் செய்த வண்டற்பாவையைக் கடல் கொண்டமையால் சினந்தவள் நுண்மணலை இட்டுக் கடலைத் தூர்க்க முற்படுகிறாள். அடுத்த பாடலில் கண் சிவக்க அழுது நிற்கிறாள். இரு பாடல்களும் அலையின் செயலை ‘வௌவுதல்’ என்கின்றன. வௌவுதல், உரியவரிடமிருந்து வலிந்து பறித்தல். அவளைப் பொறுத்தவரை சிதைந்தது மணல் அன்று. கவரப்பட்டது ஓர் உயிர். கொல்லிப்பாவையைத் தெய்வம் ஆக்கியது என்பது தொன்மம். வண்டற்பாவைக்கு உயிர் தந்தது சிறுமியின் மனம். எனினும் உரைமரபு இப்பாடல்களைத் தலைவனின் புறவொழுக்கத்தைச் சுட்டி, மற்றொருத்தியின் பேதைமையை எள்ளும் கூற்றாகக் கொள்கிறது.

நற்றிணை 172ஆம் பாடலில் சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த புன்னை விதை முளைக்கிறது. நெய் கலந்த பால் வார்த்து அதனை வளர்க்கின்றனர். தாயோ, அம்மரம் அவர்களினும் சிறந்த தங்கை என்கிறாள். பின்னாளில் தலைவனோடு அதன் நிழலில் நகையாடத் தோழி நாணுகிறாள். வேறு நிழல்கள் உள என்கிறாள். பேணப்பட்ட மரம் இப்போது ஒழுக்கத்தின் சான்றாக நிற்கிறது. முன்னைய பாடலில் மூழ்கி எடுக்கப்பட்ட வலம்புரியும் இங்கே பாணரின் விளரிப் பண் போல ஒலிக்கும் குரலாகவே வருகிறது.

இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பற்றின் ஆழத்தில் இல்லை. புன்னைக்குத் தாயின் சொல் சான்றாயிற்று. அதனால் அது உறவாயிற்று. பாவைக்காகப் பேச எவரும் இல்லை. அதனால் அது நகைப்பாயிற்று. சிறாரின் பற்றுக்கு மதிப்பு வழங்குவது முதியோரின் ஏற்பே என்பதை இவ்விரு பாடல்களும் சேர்ந்து உணர்த்துகின்றன.

புன்னையைக் கருப்பொருள் என்றும், பாவையை விளையாட்டு என்றும் வகைப்படுத்தி நிறுத்தும் வாசிப்பு இதனைத் தவறவிடுகிறது. எள்ளலாகவே கொண்டாலும், கடலைத் தூர்க்க முனைந்த கைகளை முதலில் கண்முன் நிறுத்தாமல் அவ்வெள்ளல் பொருள்படாது. அக்கைகளின் நியாயத்தை உரை ஏற்கவில்லை, பாடல் பதிவுசெய்திருக்கிறது.