கடலுக்குக் கடிகாரம் கண்டவர்

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுநாள் புதுச்சேரியின் கனகசெட்டிக்குளம் கரையில் நின்றால் கடல் இரண்டு நிறமாகத் தெரியும். காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண் மேட்டிலிருந்து ஓடைகள் அடித்துவந்த கலங்கல் கரையோரம் சிவந்து கிடக்கும். அதற்கு அப்பால் பழைய நீலம். அந்த மண்ணோடு வந்த இரும்பும் சிலிக்கானும் கடலில் எங்கே போகின்றன, எத்தனை காலம் தங்குகின்றன, எப்போது அடியில் படிகின்றன? இதைத் தேடும் துறைதான் கடல் புவிவேதியியல். இந்தியாவில் அதற்கு வித்திட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் தேவேந்திர லால்.

1929இல் வாரணாசியில் பிறந்த லால், கடலைப் படிக்கப் புறப்பட்டவர் அல்லர். 1949இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, பெர்னார்ட் பீட்டர்ஸிடம் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். விண்ணிலிருந்து பாயும் அக்கதிர்கள் காற்றுமண்டலத்து அணுக்களை உடைக்கும்போது பெரிலியம்-10, சிலிக்கான்-32 போன்ற கதிரியக்க ஐசோடோப்புகள் பிறக்கின்றன. மழையோடு இறங்கிக் கடலில் கலந்தபின் ஒவ்வொன்றும் தனக்குரிய கணக்கில் தேய்கிறது. சிலிக்கான்-32இன் மிச்சத்தை அளந்தால், ஆழத்து நீர் மேற்பரப்பை விட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று மதிப்பிடலாம். வானத்தில் பிறந்த அணுவைக் கடலின் கடிகாரமாக்கியதே லாலின் பெருஞ்செயல்.

ஆனால் டன் கணக்கான கடல்நீரில் சிலிக்கான்-32 இம்மியளவுதான் இருக்கும். அதைச் சேர்த்துத் தந்தது ஒருவகைக் கடற்பஞ்சு. ஓயாமல் நீரை உறிஞ்சி வடித்து, அதிலுள்ள சிலிக்காவால் தன் உடற்கூட்டைக் கட்டும் உயிர் அது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் கோல்ட்பெர்க், மினோரு கோய்டே இருவரோடும் சேர்ந்து கடற்பஞ்சுகளில் சிலிக்கான்-32ஐ லால் கண்டறிந்தார். முடிவு 1960இல் வெளியானது. அடுத்து, இரும்பு ஹைட்ராக்சைடு பூசிய செயற்கை இழைகளைக் கடலுக்குள்ளேயே இறக்கி சிலிக்கான், ரேடியம், தோரியம், ஈயம் ஆகியவற்றைப் பிடிக்கும் முறையை 1972இல் லாலும் எஸ். கிருஷ்ணசுவாமியும் பி.எல்.கே. சோமயாஜுலுவும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அறிவித்தார்கள். மீனுக்குத் தக்க கண்ணி வேண்டும் என்பது நம் கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். இவர்கள் அணுவுக்குத் தக்க வலை பின்னினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு கிருஷ்ணசுவாமியும் லாலும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மார்டின், மேபெக் ஆகியோருடன் ஏரி வண்டலின் வயதை ஈயம்-210 கொண்டு கணித்தார்கள். ஏறத்தாழ 22 ஆண்டுகளில் பாதியாகத் தேயும் இந்த ஐசோடோப், கடந்த நூறு ஆண்டுகளில் மனிதர் நீர்நிலைகளுக்குச் செய்ததை அடுக்கடுக்காகக் காட்டிக்கொடுக்கிறது. கழிமுகங்களிலும் கடலோரங்களிலும் இன்று உலகெங்கும் இம்முறை கையாளப்படுகிறது.

1972 முதல் 1983 வரை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநராக இருந்த லால், அங்கே இத்தகைய ஆய்வுக்கு ஒரு மரபையே வளர்த்தார். 1979இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1997இல் புவிவேதியியலின் உயரிய கோல்ட்ஷ்மிட் பதக்கம் பெற்றார். 2012இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் மறைந்தார்.

அந்த மரபு நம் கரைக்கும் உரியது. நிலத்தடி நீர் மண்ணுக்கடியில் கசிந்து கடலில் கலக்கும் இடத்தை, அவர்கள் இழையில் பிடித்த அதே ரேடியம் காட்டும். கிணறுகளில் உப்பேறும் புதுச்சேரிக் கடலோரத்துக்கு இது வெறும் ஏட்டறிவு அல்ல, குடிநீர்ப் பாடம். கனகசெட்டிக்குளத்துக்குப் பக்கத்திலேயே, காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு படிக்கும் பிள்ளைகள் இந்தக் கிணற்று நீரையும் கடல்நீரையும் ஆண்டுதோறும் அளந்து, கணக்கை ஊர்மக்கள் கையில் தமிழில் தர வேண்டும். லாலுக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே.