அரை பிளேடு

இரண்டு பக்கமும் வெட்டுகிற பிளேடைக் காசு கொடுத்து வாங்கி, உறைக் காகிதத்தோடு நீளவாக்கில் மடக்கி, ‘டக்’கென்று ஒடித்து, ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிற கத்தியாக ஆக்கிக்கொள்வது நம்மூர்ச் சலூன்காரர்களின் பழக்கம். சென்னையை அடுத்த தண்டலத்தில் பெங்களூர் சாலையை ஒட்டிய எந்தச் சலூனில் போய் உட்கார்ந்தாலும் இந்த ‘டக்’ காதில் விழும். சிக்கனம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ஒரு பிளேடில் இரண்டு முகம் ஆகிறதே, சிக்கனம்தான். ஆனால் ஒடித்த பிறகு கையில் மிஞ்சுகிறதே அந்த அரை பிளேடு, அதன் குணத்துக்காகவே வெளிநாடுகளில் சவரப் பித்தர்கள் பழைய ரேசர்களைத் தேடி அலைகிறார்கள். ஒரே ஒரு முனை, ஆடாத பிடி. அவ்வளவுதான் அவர்கள் தேடுவது.

தண்டலத்துச் சலூன்கள் ஷிப்டை அனுசரித்து நடப்பவை. பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை, அடுத்து ஸ்ரீபெரும்புதூர், அதையும் தாண்டினால் ஒரகடம், எல்லாம் தொழிற்பேட்டைகள். நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பையன் அறைக்குப் போகாமல் நேராக வந்து நாற்காலியில் சாய்வான். பாதிச் சவரத்தில் குறட்டையும் விடுவான். சவீதா ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்துவிட்டுத் துணைக்குத் தங்கியிருப்பவர், ராஜலட்சுமி காலேஜில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிற மாணவன், லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்த டிரைவர் என்று வாடிக்கை பலவிதம். ஞாயிறு காலையில் நிற்கக்கூட இடம் இருக்காது. செவ்வாய்க்கிழமை கடையே கிடையாது. இதில் பெயின்ட் ஷாப் ஆட்களின் அவசரம் தனி. முகத்தோடு ஒட்டி உட்காரும் மாஸ்க்குக்கு நேற்றைய முள் முடியே எதிரி. ஓரத்தில் காற்று கசிந்துவிடும். வழவழப்பு அவர்களுக்கு அழகு சமாசாரம் இல்லை.

நான் போகிற கடையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் ‘அண்ணே’. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. சோப்பைப் போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளைத் திரியாகப் பிரியும். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் வருகிற வினை. அதனால் நுரைக்கென்று மட்டும் கேன் தண்ணீர் வைத்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் பையன் ஸ்பிரே டப்பாவை அமுக்கி நுரையை அள்ளி அப்புவான். அண்ணன் அதைத் தொடுவதில்லை. முகத்தை ஈரத்துணியால் ஒற்றி, கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுழற்றி, கன்னத்தில் முதலில் வட்டமாகவும் பிறகு கீழிருந்து மேலாகவும் தேய்ப்பார். தாடை ஓரத்தில் படுத்துக் கிடக்கிற முடியெல்லாம் எழுந்து நிற்கிற வரைக்கும் விடமாட்டார். அதற்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகும்.

அந்த நிமிஷங்கள் வீண் இல்லை. முடி தண்ணீர் குடிக்கக் குடிக்க இளகும். வெட்ட வேண்டிய விசை குறையும். பிளேடுக்கும் அது நல்லது. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் பிளேடு முனையை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டே முடியை வெட்டிப் பார்த்தார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மெத்தென்ற முடி, எஃகின் விளிம்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டிருந்தது. முடி நேராக நிற்காமல் வளைந்து கொடுக்கும்போது, விளிம்பில் எஃகின் கட்டமைப்பு சீராக இல்லாத இடம் பார்த்து அந்தச் சில்லு தெறிக்கிறது. பிளேடு தேய்ந்து மழுங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது உடைந்துதான் மழுங்குகிறது.

நுரை போட்ட பிறகு கத்தி. மடக்குக் கத்தியின் வாயைத் திறந்து, அரை பிளேடின் முதுகை உள்ளே செருகி, மூடி, வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார். முனை ஓரத்தில் நூல் மாதிரி மின்னும். அதற்கு மேல் வெளியே தெரியக் கூடாது. கிருதாவில் ஆரம்பம். இடது கை கட்டைவிரல் தோலை மேலே இழுக்கும், கத்தி கீழே வரும். கத்தி வருகிற தூரம் அரை அங்குலம்கூட இருக்காது. கன்னத்தோடு கத்தி ஏறக்குறைய முப்பது டிகிரியில் சாய்ந்திருக்கும். வழித்த நுரையைத் தன் இடது கையின் பின்புறத்தில் துடைத்துக்கொண்டே போவார். சத்தத்தைக் கவனிக்க வேண்டும். முடி அடர்ந்த மோவாயில் ‘சரக் சரக்’ என்று கேட்பது கன்னத்துக்கு வரும்போது மெலிந்து நின்றுவிடும். நின்ற இடத்தில் கத்தியும் நிற்கும். அங்கே மறுபடி இழுப்பது தோலைத்தான் சுரண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தொண்டைதான் சோதனை. முடி அங்கே நாலு திசைக்கும் சுழித்து வளரும். நடுவில் குருத்தெலும்பு வேறு துருத்திக்கொண்டு நிற்கும். அண்ணன் எலும்பின் மேல் கத்தியைக் கொண்டுபோவதே இல்லை. தோலை இரண்டு விரலால் பக்கவாட்டில் நகர்த்தி, எலும்புக்கு அப்பால் மெத்தென்ற இடத்துக்கு இழுத்துவந்து, அங்கே வழித்துவிட்டு, தோலைத் திரும்ப அதன் இடத்துக்கு விட்டுவிடுவார். கத்தி முகத்தைத் தேடிப் போகாமல் முகம் கத்தியிடம் வருகிறது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய ரேசரானாலும் இந்த வேலையைத் தானாகச் செய்யாது. “ரிவர்ஸ் போடவா சார்?” என்று கேட்டுவிட்டு, முடிக்கு எதிராக இரண்டாவது முறை. கடைசியில் படிகாரக்கல். கை எங்கேயாவது பிசகியிருந்தால் படிகாரம் அந்த இடத்தில் சுரீர் என்று காட்டிக்கொடுத்துவிடும். அண்ணன் என் முகத்தில் கல்லைத் தேய்க்கும்போது கண்ணாடியில் என் நெற்றியைத்தான் பார்ப்பார், சுளிக்கிறேனா என்று.

இந்த அரை பிளேடு கத்தி ரொம்பப் பழைய வழக்கமும் இல்லை. அண்ணனின் அப்பா காலத்தில் அடப்பம் என்கிற கருவிப் பைக்குள் இருந்தது முழுக் கத்தி. சாணைக்கல்லில் தீட்டி, தோல் வாரிலோ உள்ளங்கையிலோ புரட்டிப் புரட்டிப் பதம் பார்த்து, அடுத்தடுத்த முகங்களுக்கு அதே கத்தி. வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்து, கூலியாகத் தானியம் வாங்கி, திண்ணைக்கு மேலே ஏறவிடாத வீட்டுக்கும் போய் வந்த காலம் அது. அந்தக் கைகளில் இருந்த வித்தையைப் புகழ்கிறபோது அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். சில ஊர்களில் அந்தச் சவரத் தொழிலாளர்களே இன்னொரு தெருவுக்காரனுக்கு முடி வெட்டக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடும் இருந்தது. நெடுஞ்சாலைச் சலூன் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. வரிசை எண் மட்டும்தான்.

முழுக் கத்தியை ஒழித்தது நாகரிகம் இல்லை, பயம். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் விழிப்புணர்வுப் பிரசாரம் ஊர் ஊராகப் போக, “புது பிளேடு போடுங்க” என்று வாடிக்கைக்காரர்களே கேட்க ஆரம்பித்தார்கள். அதனால்தான் அந்த ‘டக்’ சத்தத்தை வாடிக்கைக்காரர் காதில் விழும்படி செய்வது இன்றைக்கும் தொழில் மரியாதை. உறைக் காகிதம் இல்லாமல் கிடக்கிற அரையை எடுத்துச் செருகுகிற கடையில் நான் உட்காருவதில்லை.

இனி அந்த ஆடாத பிடிக்கு வருகிறேன். சலூன் பெஞ்சில் ஒரு நாள் டூல் ரூம் ஆள் ஒருவர் அண்ணனின் கையைக் கவனித்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “லேத்துல டூலை நீட்டிப் பிடிச்சா சாட்டர் அடிக்கும்ணே. நீங்க பிளேடை நீட்டவே மாட்டேங்கிறீங்க, அதான் வழவழன்னு வருது.” ஒற்றை முனை ரேசர்களைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. நாம் வீட்டில் போடும் பிளேடு 0.1 மில்லிமீட்டர் தடிமன். கிட்டத்தட்ட ஒரு தாடி முடியின் குறுக்களவு. தனியாக எடுத்தால் காகிதம் போல வளையும். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் காப்புரிமை பெற்ற ரேசர் அந்த மெல்லிய தகட்டை வளைத்து இறுக்கித்தான் விறைப்பாக்கியது. சலூன் கத்தி வளைப்பதில்லை. முதுகோடு கவ்வி, விளிம்பை மட்டும் விட்டுவைக்கிறது. வழி வேறு, நோக்கம் ஒன்று: முடியில் மோதும்போது விளிம்பு துடிக்கக் கூடாது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. தகட்டையே தடிமனாக்கிவிடுவது. ஜில்லெட்டுக்கு முன்பே, 1880-ல், நியூயார்க்கின் காம்ப்ஃபே சகோதரர்கள் ஒற்றை முனைப் பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அந்த வம்சத்தில் வந்த ஜெம் ரேசரின் பிளேடு சுமார் 0.23 மில்லிமீட்டர். மாலை ஐந்து மணிக்கு முகத்தில் நிழல் தட்டுகிறது என்று அமெரிக்க ஆண்களைப் பயமுறுத்தி விளம்பரம் செய்தது ஜெம் கம்பெனிதான். (நமக்குக் கிடைத்தது ‘செவன் ஓ கிளாக்’, காலையா மாலையா என்று பெட்டியில் போட்டிருக்காது.) ஷிக் இன்ஜெக்டர் பிளேடு இன்னும் கொஞ்சம் தடிமன், 0.25 மில்லிமீட்டர். இரண்டரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் தகட்டின் விறைப்பு தடிமனின் முப்படிக் கணக்கில் ஏறும். நம் பிளேடைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் விறைப்பு. பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஜேக்கப் ஷிக் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். தோட்டாக்களைத் தானே ஊட்டிக்கொள்ளும் துப்பாக்கியைப் பார்த்து, பிளேடுகளைத் தானே ஊட்டிக்கொள்ளும் ரேசரை நினைத்தார். 1926-ல் வந்த முதல் ரேசரில் பிளேடுகள் கைப்பிடிக்குள்ளேயே இருந்தன. முப்பதுகளில் அவை தனி டப்பாவுக்கு மாற, இன்ஜெக்டர் பிறந்தது. அதற்குள் ஷிக்கின் மனம் மின்சார ஷேவருக்குப் போய்விட்டது. 1931-ல் அதை விற்கத் தொடங்கி, தண்ணீரும் சோப்பும் இல்லாத சவரத்தை ஆண்களுக்குக் காட்டினார். ஈரச் சவரத்தின் மிக அழகான இயந்திரத்தைச் செய்தவரே அதை விட்டு ஓடியது எனக்கு இன்றும் ஆற்றாமை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் கேமராக்களுக்கும் நடுவில், எனக்கு ஒரு இன்ஜெக்டர் கிடைத்தது. விற்றவருக்கு அது ரேசர் என்றே தெரியவில்லை. பிளேடை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். டப்பாவின் நுனியில் சாவி மாதிரி ஒரு நாக்கு நீண்டிருக்கும். ரேசர் தலையின் பக்கவாட்டில் அதைச் செருகினால் உள்ளே பிளேடைக் கவ்வியிருக்கும் ஸ்பிரிங் தளரும். கட்டைவிரலால் டப்பாவின் சறுக்கியைத் தள்ளினால் போதும். புது பிளேடு உள்ளே நுழைய, பழையது மறுபுறம் வழுக்கி விழும். விரல் எஃகைத் தொடவே இல்லை. வேலை முடிந்தும் இன்னொரு தடவை தள்ளிப் பார்க்கலாமா என்று கை துறுதுறுக்கும். ஒரு பிளேடு வீணாகும் என்பதால் அடக்கிக்கொள்ள வேண்டும்.

முகத்தில் அது நடக்கிற நடை வேறு. தலை சின்னது என்பதால் மூக்குக்கும் உதட்டுக்கும் இடையில் சுலபமாகப் புகும். இரட்டை முனை ரேசரில் ஒரு பக்கம் நுரை அடைத்தால் திருப்பிப் போட்டுக்கொண்டு போகலாம். இதில் திருப்ப மறுபக்கம் இல்லை. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை கழுவித்தான் ஆக வேண்டும். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவர் எரிச்சலாவார். எனக்கு அந்தத் தாமதம் பிடித்திருக்கிறது. கழுவுகிற இடைவெளியில் கண் கண்ணாடிக்குப் போய், அடுத்து எங்கே இழுப்பது என்று பார்த்துவிடுகிறது. குறையும் உண்டு. பிளேடு விறைப்பு என்பதால் கோணத்தில் சமாதானம் கிடையாது. கை அசந்தால் எரிச்சலோடு திருப்பிக் கொடுக்கும்.

பெரிய கம்பெனிகள் 1971-ல் இரண்டு பிளேடு, 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து என்று அடுக்கிக்கொண்டே போனவை, இந்தியாவுக்கு வந்து ஒன்றுக்கு இறங்கின. முதலில் கொண்டுவந்த ரேசரை அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களை வைத்துச் சோதித்தார்களாம். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். இங்கே ஒரு சொம்பில் மொண்டுவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வழிக்கிறவரின் ரேசரில் முடி அடைத்துக்கொண்டது. பிறகு நம் வீடுகளுக்கே வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 2010-ல் ஜில்லெட் கார்டு கொண்டுவந்தார்கள். ஒரே பிளேடு, சொம்புத் தண்ணீரில் அலசினால் போகிற பெரிய துவாரங்கள், வந்தபோது ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். இந்த நெடுஞ்சாலைப் பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்குவது அதுதான். ரசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக். ஆனால் நேர்மையான பொருள். தன் வேலைக்கு மேல் எதையும் சொல்லிக்கொள்வதில்லை.

இன்ஜெக்டரை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்பிரிங்கைத் தூக்கிப் பார்த்தார், டப்பாவைத் தள்ளிப் பார்த்தார், தன் முன்கையில் இரண்டு இழுப்பு இழுத்தார். “மெஷின் நல்லாருக்கு தம்பி. ஆனா முனை எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதே” என்றார். அவர் சொன்னதன் நியாயம் அடுத்து வந்த பையனின் முகத்தில் தெரிந்தது. தாடி வளர்க்கிற தலைமுறை இது; முழுச் சவரம் கேட்கிறவர் குறைந்துவிட்டார்கள். டிரிம்மர் தாடியைக் குறைத்துத் தரும், கோடு போட்டுத் தராது. அந்தப் பையனுக்குக் கன்னத்தில் காதிலிருந்து வாய் ஓரம் வரை ஒரு கோடு வேண்டும். நேர்க்கோடு இல்லை, எலும்புக்குக் கீழே லேசாகத் தொய்ந்து மறுபடி ஏற வேண்டும். அண்ணன் நுரைகூடப் போடவில்லை. தண்ணீரை ஸ்பிரே செய்து, அரை பிளேடின் ஒரு முனையைக் கன்னத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாகக் கொண்டுவந்தார். பிறகு அடுத்த கன்னத்துக்குப் பிளேடின் மறுபாதியை எடுத்துச் செருகினார். கோடு போடுகிற முனையில் மட்டும் சிக்கனம் பார்க்க மாட்டாராம்.