உப்பு கரைந்தால் எந்தப் பட்டியலில்?

நீரில் உப்பு கரைவது எவ்வகை மாற்றம்? நடுநிலைப் பள்ளி அறிவியல் தேர்வில் இது ஒரு மதிப்பெண் வினா. ‘இயற்பியல் மாற்றம்’ என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. ‘வேதியியல் மாற்றம்’ என்று எழுதிய பிள்ளைக்குச் சுழி. அந்தச் சுழியை வாங்கியிருக்கக்கூடியவர்களில் ஒருவர் திமீத்ரி மெண்டலீவ். தனிம வரிசை அட்டவணை தந்த அதே மெண்டலீவ்தான். 1865இல் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், ஆல்கஹாலும் நீரும் சேரும் விதம். கரைசலை வெறும் கலவையாகக் கருத அவர் மறுத்தார். கரைபொருளும் நீரும் நிலையற்ற சேர்மங்களாகப் பிணைந்துகொள்கின்றன என்பது அவர் நிலைப்பாடு. நீர்க்கரைசல்களைப் பற்றிய அவருடைய பெரிய ஆய்வு நூல் 1887இல் வந்தது. அதே ஆண்டில் சுவீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ், உப்பு நீரில் கரையும்போது மின்சுமை ஏறிய அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்ற கொள்கையை வெளியிட்டார். மெண்டலீவ் அதை ஏற்கவில்லை. இன்று பார்த்தால் இருவர் பக்கமும் பாதி உண்மை இருக்கிறது: அயனிகள் பிரிவதும் உண்மை, ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்துக்கொள்வதும் உண்மை.

பெரியவர்களின் சண்டையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம்தான். ஆனால் அந்தச் சண்டை தீர்ந்துவிட்டது போலவும், ஒரு வரியில் விடை எழுதிவிடலாம் என்பது போலவும் பாடம் நடத்துவது வேறு விஷயம். அங்கேதான் இந்த வகைப்பாட்டின் நன்மையும் கேடும் ஒன்றாகக் கிடக்கின்றன.

நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது சிறியதன்று. ‘இருந்த பொருள்தான் இப்போதும் இருக்கிறதா, புதுப் பொருள் வந்துவிட்டதா?’ என்ற கேள்வி இல்லாமல் வேதியியலே கிடையாது. சிறு பிள்ளைக்கு எரிந்த தாள் மறைந்துபோனது. துருப்பிடித்த ஆணி அழுக்கான ஆணி. ஆவியான நீர் காணாமற்போன நீர். தோற்றத்தை நம்பும் இந்தக் கண்ணைப் பொருளை நோக்கித் திருப்புவது பெரிய வேலை. மெழுகுவத்தி அதற்குத் தோதான கருவி. 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக ஒரு மெழுகுவத்தியையே மையப் பொருளாக வைத்துக்கொண்டு தொடர் சொற்பொழிவே ஆற்றினார். உருகி வழிந்த மெழுகு இறுகினால் மெழுகுதான். திரியில் எரிந்த மெழுகோ கார்பன் டைஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விடுகிறது. அதைத் திரும்பப் பிடித்து மெழுகாக்க வழியில்லை. ஒரே பொருளில், ஒரே நேரத்தில், இரண்டு விதமான மாற்றங்கள். மெக்னீசியம் நாடாவை எரிப்பது இன்னும் ஒரு படி மேல், ஏனெனில் அங்கே தராசும் பேசும். 24 கிராம் மெக்னீசியம் எரிந்தால் 40 கிராம் வெண்சாம்பல். எரிந்த பொருள் எடை கூடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, காற்றிலிருந்து ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது என்று தானே ஊகிக்க முடியும். காப்பர் சல்பேட் கரைசலில் போட்ட இரும்பு ஆணியும் அப்படித்தான்: நீலம் மங்கிப் பச்சை படர்கிறது, ஆணியின் மேல் செம்பு நிறத்தில் ஒரு படலம் ஏறுகிறது.

இந்த மூன்றுக்கும் மேல் வகைப்பாட்டுக்கு வேறு எந்தச் சாட்சியும் வேண்டியதில்லை. பாடம் இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கும் தேவை இருந்திருக்காது.

சிக்கல் அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது. புதுப் பொருள் வந்ததா இல்லையா என்பதை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆகவே பாடம் அடையாளங்களைத் தருகிறது: நிறம் மாறினால், வாயு வந்தால், வெப்பமோ ஒளியோ வெளிப்பட்டால் வேதியியல் மாற்றம், மீட்க முடிந்தால் இயற்பியல் மாற்றம். மருத்துவர் காய்ச்சலைப் பார்த்து நோயை ஊகிப்பது போல இவை துப்புகள் மட்டுமே. வகுப்பறையில் துப்பு இலக்கணமாகிவிடுகிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஏழாம் வகுப்பு நூல் நிலைமாற்றத்தை, அதாவது திண்மம் திரவமாவதையும் திரவம் வாயுவாவதையும், இயற்பியல் மாற்றம் என்று கற்பித்தது. அதே நிறுவனத்தின் பத்தாம் வகுப்பு நூலில், வேதிவினை நடந்ததைக் காட்டும் நான்கு அறிகுறிகளில் முதலாவதாக நிற்பது நிலைமாற்றம். நூலாசிரியர்கள் என்ன நினைத்து எழுதினார்கள் என்பது புரிகிறது: கரைசலிலிருந்து வீழ்படிவு இறங்குவதையும் வாயு கிளம்புவதையும் சொல்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் நேரெதிராகப் படித்த மாணவனுக்கு அதை யார் விளக்குவது?

அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால் எதுவும் முழுதாக நிற்பதில்லை. நிறத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளையான துத்தநாக ஆக்சைடைச் சூடாக்கினால் மஞ்சளாகும், ஆறினால் மீண்டும் வெள்ளை, பொருள் மாறவில்லை. வெப்பமும் ஒளியும் மின்விளக்கின் டங்ஸ்டன் இழையிலிருந்தும் வருகின்றன. வாயுக் குமிழ் கொதிக்கும் நீரிலும் வருகிறது.

மீள்தன்மைதான் எல்லாவற்றிலும் பலவீனமான அடையாளம், அதையே பிள்ளைகள் அதிகம் நம்புகிறார்கள். கிழித்த காகிதத்தை யாரும் மீட்க முடியாது. ஆனாலும் அது இயற்பியல் மாற்றம். மறுபுறம் ஆரத்தித் தட்டைப் பாருங்கள். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறது. அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மஞ்சள் திரும்புகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் மூலக்கூறு காரத்தில் ஒரு புரோட்டானை இழந்து, அமிலத்தில் திரும்பப் பெறுகிறது. சந்தேகமில்லாத வேதிவினை, ஆனால் ஒரு நொடியில் மீள்கிறது. அந்தச் சுண்ணாம்பின் கதையே ஒரு வட்டம்தான். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் கார்பன் டைஆக்சைடு போய் நீற்றாத சுண்ணாம்பாகிறது. நீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. சுவரில் அடித்ததும் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை மெல்ல வாங்கிக்கொண்டு கிளிஞ்சலில் இருந்த அதே கால்சியம் கார்பனேட்டாகிவிடுகிறது. வெள்ளையடித்த சுவர் ‘காய்வது’ என்று நாம் சொல்வதில் நீர் ஆவியாவதும் உண்டு, இந்த வேதிவினையும் உண்டு. மேல்நிலை வகுப்பில் வேதிச் சமநிலை என்று ஒரு பாடமே இருக்கிறது. அது முழுவதும் மீளும் வினைகளைப் பற்றியது. நடுநிலையில் ‘வேதியியல் மாற்றம் மீளாது’ என்று மனப்பாடம் செய்தவர் அங்கே தாம் கற்றதை அழித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

இனி நவச்சாரம். பதங்கமாதலுக்குக் கற்பூரம், அயோடின், நாஃப்தலீன் ஆகியவற்றோடு பாடநூல்கள் வழக்கமாகச் சேர்க்கும் பெயர் அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் நவச்சாரத் தூளைத் தூவும்போது குப்பென்று எழும் வெண்புகையைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த பொருள். திண்மம் நேராக ஆவியாகிறது, குளிர்ந்த இடத்தில் மீண்டும் திண்மமாகப் படிகிறது, ஆகவே இயற்பியல் மாற்றம் என்பது பாடம். உண்மையில் நடப்பது வேறு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் உடைகிறது. குளிர்ந்ததும் இரண்டும் சேர்ந்து மறுபடி நவச்சாரமாகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இது வேதியியலாளர்களையே குழப்பியது. நவச்சார ஆவியின் அடர்த்தி, இருக்க வேண்டியதில் ஏறத்தாழ பாதிதான் இருந்தது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்ற அவகாட்ரோவின் கருதுகோளே தவறோ என்ற ஐயம் அதனால் வலுத்தது. 1862இல் லியோபோல்ட் ஃபொன் பேபால், அந்த ஆவியைக் கல்நார் அடைப்பின் வழியே பரவவிட்டு, இலேசான அம்மோனியா முந்திக்கொண்டு வெளியேறுவதைக் காட்டினார். ஆவியில் ஒரு பொருளின் இடத்தில் இரண்டு இருந்தன. இப்படி அவகாட்ரோவைக் காப்பாற்றிய ஒரு சான்றை, இயற்பியல் மாற்றத்துக்கு எடுத்துக்காட்டு என்று பட்டியலில் போட்டு மூடிவிடுகிறோம். எனக்கு இந்த ஒன்றுதான் மிகவும் உறுத்துகிறது, ஏனெனில் இங்கே நடந்தது எளிமைப்படுத்தல் என்று சொல்லித் தப்ப முடியாது. இது தகவல் பிழை.

அடுப்பங்கரை எடுத்துக்காட்டுகள் வேறு வகையில் வழுக்குகின்றன. அரிசி சோறாவது வேதியியல் மாற்றம் என்பது பிள்ளைகள் எழுதும் விடை; சோற்றை அரிசியாக்க முடியாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். வேகும்போது மாவுச்சத்தின் குளுக்கோஸ் சங்கிலிகள் பெரும்பாலும் அறுவதில்லை. சங்கிலிகளைக் கட்டியிருந்த வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போக, இடையில் நீர் புகுந்து மணி உப்புகிறது. முட்டை வேகும்போதும் முதன்மையாக நடப்பது சுருண்டிருந்த புரதம் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான். 2015இல் அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வேகவைத்த முட்டை வெண்கருவிலிருந்த ஒரு புரதத்தை மறுபடி பழைய வடிவத்துக்குச் சுருட்டிக் காட்டினார்கள். அதற்காக வேடிக்கை நோபல் என்று சொல்லப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. இவற்றை வேதியியல் மாற்றம் என்பது தவறு என்று நான் வாதாடவில்லை. புதிய பண்புகள் கொண்ட பொருள் வந்துவிட்டது என்று சொல்ல இடமிருக்கிறது. ஒரு வரி விடைக்கு இடமில்லை என்பதுதான் என் வாதம்.

உப்புக்கு வருவோம். ஒரு மோல் சோடியம் குளோரைடு படிகத்தை அயனிகளாகப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 787 கிலோஜூல் தேவை. ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கத் தேவைப்படும் 436 கிலோஜூலைவிட இது மிக அதிகம். ஆனால் நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழும்போது கிட்டத்தட்ட அவ்வளவு ஆற்றலும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. மிச்சம் 4 கிலோஜூல் அளவில்தான். டம்ளரைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. ‘வெப்பம் இல்லை, நிறம் இல்லை, நீரை வற்றவிட்டால் உப்பு கிடைக்கும், ஆகவே இயற்பியல் மாற்றம்’ என்று எழுதும்போது, பொருளுக்குள் நடந்த பெரிய அடிதடியை வெளியமைதியை வைத்துத் தீர்ப்பிடுகிறோம். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரித் தரத்தில் தேர்வு நடத்தும் காலேஜ் போர்டு இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறது. உப்பு கரைவதை இயற்பியல் நிகழ்வு என்றும் வேதியியல் நிகழ்வு என்றும் இரு விதமாக நியாயத்தோடு வாதிடலாம் என்று அதன் ஏ.பி. வேதியியல் பாடத்திட்டமே சொல்கிறது. அது மேல்வகுப்புப் பாடம். ஏழாம் வகுப்புக்கு அப்படியே இறக்க முடியாது என்பதும் சரி.

வகைப்பாட்டையே தூக்கி எறிய வேண்டும் என்ற குரலும் வேதியியல் கல்வி இதழ்களில் பல பத்தாண்டுகளாக உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. நியூசிலாந்தில் ஆஸ்பர்னும் காஸ்குரோவும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், கொதிக்கும் நீரின் குமிழில் என்ன இருக்கிறது என்று மாணவர்களைக் கேட்டார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று சொன்னவர்கள் அறிவியல் படித்த மூத்த மாணவர்களிலும் கணிசம். ‘நீர் ஆவியானாலும் நீர்தான்’ என்ற எளிய செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இந்தப் பிரிவு அந்தச் செய்தியைச் சொல்லத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் சொல்வதற்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும். அந்த விடையின் ஊற்றையும் கவனிக்க வேண்டும்: நீர் என்றால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று சொல்லக் கற்றவர்கள், துகள்களைப் படமாக மனத்தில் காணக் கற்கவில்லை. கொதிப்பதற்கு முன்னும் பின்னும் நீர் மூலக்கூறுகளை வரையச் சொல்லியிருந்தால் பலர் அங்கேயே தடுமாறித் தெளிந்திருப்பார்கள்.

ஆகவே பழி வகைப்பாட்டின் மேல் பாதி, ‘வகைப்படுத்துக’ என்ற வினாச்சொல்லின் மேல் பாதி. எட்டு நிகழ்வுகளைக் கொடுத்து இரண்டு பத்தியில் பிரித்து எழுதச் சொன்னால் பிள்ளை அடையாளங்களையே தேடும், அல்லது கையேட்டின் பட்டியலை மனப்பாடம் செய்யும். கத்தரிக்காயை நறுக்குவது இயற்பியல், நறுக்கிய இடம் கறுப்பது வேதியியல் என்று சொல்லிவிடும்; எதனால் அப்படித் தெரிந்தது என்று கேட்டால் ஆசிரியர் சொன்னார் என்பதைத் தவிர விடை இருக்காது. வேறு விதமாகவும் கேட்கலாம். சோதனைக் குழாயில் சிறிது நவச்சாரம், அதற்கு மேல் கண்ணாடிப் பஞ்சு அடைப்பு, வாயில் ஈரமான லிட்மஸ் தாள்கள். காற்றோட்டமான இடத்தில் ஆசிரியர் மெல்லச் சூடாக்குகிறார். முதலில் சிவப்புத் தாள் நீலமாகிறது, சற்றுப் பொறுத்து நீலம் சிவப்பாகிறது, அடைப்பை எடுத்தால் வெண்புகை. குழாய்க்குள் ஆவியாக இருந்தது ஒரு பொருளா, இரண்டா? உன் விடைக்குச் சான்று என்ன? பேபால் செய்த சோதனையின் எளிய வடிவம்தான் இது.

இப்படிப்பட்ட வினாவைத் திருத்த நேரம் ஆகும், பிள்ளைக்குப் பிள்ளை விடை மாறும், ஆய்வகமே இல்லாத பள்ளிகள் இருக்கின்றன; இவை சாக்குப்போக்குகள் அல்ல, உண்மையான தடைகள். வளரறி மதிப்பீட்டில் ஆசிரியர் தாமே வினா அமைப்பதால் அங்கே இதைச் செய்து பார்க்க இடமுண்டு. பெரிய தேர்வுகளுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்கள் அதற்குள் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உப்பையும் வேகும் அரிசியையும் நவச்சாரத்தையும் ஒரு மதிப்பெண் வினாக்களிலிருந்து எடுத்துவிடலாம். மெழுகும் துருவும் மெக்னீசியமும் அங்கேயே இருக்கட்டும்.