செய்தவர் இல்லாத வசனங்கள்

அகராதியை இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கவிதைக்கும் சிறுகதைக்கும் உரிய பக்கங்களில் ஆங்கிலச் சொல் படிப்பதைப் பற்றி எழுதுவது பொருத்தமற்றதாகவும் தோன்றலாம். ஆனால் பொருள்விளக்கமும் எடுத்துக்காட்டு வசனமும் சேர்ந்த ஓர் அகராதிப் பதிவு மிகச் சிறியதொரு கதைதான். அதில் ஒருவர் ஏதோ செய்கிறார், இன்னொருவருக்கு ஏதோ நேர்கிறது. அந்த ஒருவர் யார், இன்னொருவர் யார் என்பதை அகராதிகாரர் தீர்மானிக்கிறார். வாசிப்பவர் பதினைந்து வயது மாணாக்கர் என்றால் அந்தக் கதையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்.

நமது குடாநாடு அகராதிக்குப் பேர்போனது. 1842இல் மானிப்பாய் அகராதி 58,500 சொற்களுடன் வெளிவந்தது. உடுவிலில் பணிபுரிந்த மைரன் வின்ஸ்லோ தொகுத்து 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் - ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. இவற்றின் பெருமையைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் வைக்கும் பழக்கம் அந்தக் காலத்திலிருந்து நம் வகுப்பறைகளில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், நடுவே சிவப்புக் கோடு. நாளுக்குப் பத்துச் சொல். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கும் இதுவே சொல்லித்தரப்பட்டது. இன்றும் அரியாலையில் என்னிடம் வரும் பிள்ளைகளின் கொப்பிகளில் அதே சிவப்புக் கோட்டைக் காண்கிறேன்.

இதற்கு மாற்றான மரபு இலண்டனில் பிறக்கவில்லை என்பது நம்மில் பலர் கவனியாத செய்தி. டாக்காவில் வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த மைக்கல் வெஸ்ற், வெறும் 1,490 சொற்களைக் கொண்டு ஏனைய எல்லாச் சொற்களையும் விளக்கும் அகராதியை 1935இல் வெளியிட்டார். ஜப்பானில் ஆசிரியராக இருந்த ஏ. எஸ். ஹோர்ன்பி தம் நண்பர்களுடன் சேர்ந்து தொகுத்தது 1942இல் ரோக்கியோவில் அச்சாயிற்று. அதையே ஒக்ஸ்போர்ட் 1948இல் மறுபடி வெளியிட்டது. இன்று நாம் கையில் வைத்திருக்கும் உயர்நிலை மாணவர் அகராதியின் மூலம் அதுதான். 1978இல் லோங்மன் ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் விளக்கங்களை அடக்கியது. 1987இல் பேர்மிங்ஹாமில் ஜோன் சின்கிளயர் குழுவினர் கொபில்ட் அகராதியில் விளக்கத்தையே முழு வசனமாக்கினர். 'ஒருவர் இன்னொருவரை இப்படிச் செய்தால்' என்று தொடங்கும் பாணி அது. என் பார்வையில் அகராதிக் கலையில் நிகழ்ந்த பெரிய பாய்ச்சல் இதுவே. 'ஒருவர்' என்ற அந்தச் சொல்லை வைத்தவுடன் செய்தவரை மறைக்க இடமில்லாமல் போகிறது.

இனி நமக்கு நெருக்கமான சில சொற்களை எடுத்துக்கொள்வோம். எவிக்ற், எக்ஸ்பெல், டிஸ்பிளேஸ். மாணவரின் கொப்பியில் முதலிரண்டுக்கும் எதிரே 'வெளியேற்று' என்றிருக்கும். மூன்றாவதற்கு 'இடம்பெயர்' என்றிருக்கும். பரீட்சைக்கு இது போதும். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்ததை எழுத இது போதாது.

எவிக்ற் என்ற சொல்லுக்கு அகராதிகள் தரும் வசனங்களில் பெரும்பாலும் வாடகைக் குடியிருப்பாளர் வருவார், வாடகை நிலுவை வரும், நீதிமன்றம் வரும். வீட்டுச் சொந்தக்காரர் சட்டத்தின் துணையோடு குடியிருப்பவரை வெளியே அனுப்புகிறார். அந்தச் சொல்லின் இயல்பான வீடு அதுதான். சோனகதெருவில் இருந்தவர்களின் பெட்டிகளில் காணி உறுதி இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் போகச் சொன்ன விடுதலைப் புலிகளுக்கு அந்தக் காணிகளில் எந்த உரித்தும் இல்லை. இருந்தும் இந்நிகழ்வைப் பற்றிய ஆங்கில எழுத்துக்களில் எவிக்ஷன் என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. நம்மவர்களும் அதையே எடுத்தாள்கின்றனர். கெட்ட நோக்கம் எதுவும் இருக்காது. ஆனால் அச்சொல்லின் எடுத்துக்காட்டு வசனத்தை ஒருமுறை வாசித்தவருக்கு நாம் வாடகைக்கு இருந்தவர்கள் என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் படிந்துவிடுகிறது. சட்டமும் சமூகமும் நம்பிக்கை நிதியம் முன்னெடுத்த பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் அறிக்கை வெளியிட்டபோது தன் பெயரில் எக்ஸ்பல்ஷன் என்ற சொல்லையே வைத்திருந்தது. அது சரியான தேர்வு. அந்தச் சொல்லில் வாடகை இல்லை, அதிகாரம் மட்டுமே இருக்கிறது.

டிஸ்பிளேஸ் இன்னும் சிக்கலானது. ஆங்கிலத்தில் அது செயப்படுபொருள் குன்றாத வினை. ஒருவர் செய்தாலன்றி இன்னொருவருக்கு நேராது. ஆனால் செயப்பாட்டு வடிவத்தில் 'பட்டவர்' மட்டும் மிஞ்சுவார், செய்தவர் உதிர்ந்துவிடுவார். தமிழாக்கம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 'இடம்பெயர்ந்தோர்' என்றோம். பெயர்தல் தன்வினை. பெயர்த்தல்தான் பிறவினை. மரம் காற்றில் ஆடியது போல, பறவை பருவத்துக்குப் பறந்தது போல, 70,000க்கு மேற்பட்ட வடபுல முஸ்லிம்கள் தாமாகவே பெயர்ந்து புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள் என்று இலக்கணம் சொல்கிறது. 'வெளியேறினர்' என்பதற்கும் 'வெளியேற்றப்பட்டனர்' என்பதற்கும் உள்ள வேறுபாடு வெறும் எழுத்து வேறுபாடல்ல. 1990ஐப் பற்றிய நமது கதைத் தொகுதிகளின் முன்னுரைகளிலேகூட 'இடம்பெயர்வு' என்று எழுதப்படுவதைக் காணும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கதையின் உள்ளே துவக்கு இருக்கிறது, சோதனை இருக்கிறது, வாப்பாவின் மணிக்கூட்டைக் கழற்றி வாங்கிய கை இருக்கிறது. முன்னுரையில் அந்தக் கை காணாமல் போகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் அரியாலையூடாகத்தான் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி தென்மராட்சிக்குப் போனார்கள். இந்த ஊரவர் அதனை 'இடப்பெயர்வு' என்றே இன்றும் சொல்கின்றனர். ஆங்கிலத்தில் அதற்கு எக்ஸடஸ் என்ற சொல்லை எழுதினார்கள். மூஸா நபியின் கூட்டத்தார் மிஸ்ரை விட்டுப் புறப்பட்டதைக் குறிக்கும் வேதச் சொல் அது. அந்த மக்களும் விரும்பிப் போகவில்லை. ஒரு பக்கம் இராணுவம் முன்னேறிக்கொண்டிருந்தது, மறுபக்கம் போகச் சொல்லும் அறிவிப்பு ஒலித்தது. இரண்டு நிகழ்வும் ஒன்றல்ல. ஆனால் செய்தவரைக் கழற்றிவிட்ட சொற்கள் இரண்டு சமூகத்தையும் ஒரேமாதிரி ஏமாற்றியிருக்கின்றன.

அகதி என்ற சொல்லில் நிலைமை தலைகீழ். 1951ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையின்படி நாட்டின் எல்லையைக் கடந்தவரே ரெஃபியூஜி. கடக்காதவருக்கு உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் என்ற நீண்ட பெயர். 1998இல் ஐ. நா. அதற்கும் வழிகாட்டிக் கோட்பாடுகள் வகுத்தது. ஆனால் தமிழில் அகதி என்றால் கதியற்றவர். எல்லைக் கோட்டைப் பற்றி அச்சொல் எதுவும் கேட்பதில்லை. புத்தளத்து ஓலைக் குடிசையில் வளர்ந்த எங்களை ஊரார் அகதி என்று அழைத்தபோது அது வலித்தது, ஆனால் சொல் பொய்யில்லை. சொல்லுக்குச் சொல் வைத்த கொப்பியில் அகதியும் ரெஃபியூஜியும் ஒரே வரியில் நிற்கும். பொருள்விளக்கத்தை வாசிக்கும் மாணவருக்குத்தான் இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு இருப்பது தெரியவரும்.

ஹிஜ்றத்தை எடுத்துப்பாருங்கள். பழைய ஆங்கில நூல்கள் பல அதனைத் தப்பியோடுதல் என்ற பொருளில் எழுதின. நமது ஆண்டுக் கணக்கே தொடங்கும் நிகழ்வு அது. பொருள்விளக்கம் என்பது தீர்ப்பும்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மகஸீன் என்ற ஆங்கிலச் சொல் மகாஸின் என்ற அரபுச் சொல்லிலிருந்து, களஞ்சியம் என்ற பொருளிலிருந்து வந்தது என்று சொன்னால் பிள்ளைகள் கண் விரிப்பார்கள். அது வேறு விடயம். சொல் எங்கிருந்து வந்தது என்ற பெருமையோடு நின்றுவிடும் பழக்கம் நமக்கு உண்டு, யார் பாவிக்கிறார், யார்மேல் பாவிக்கிறார் என்று நாம் கேட்பது குறைவு.

தமிழில் பொருள்விளக்கமும் எடுத்துக்காட்டு வசனமும் கொண்ட முறையான அகராதி 1992இல் க்ரியா வெளியிட்டதுதான். 2008, 2020 பதிப்புகளில் அது விரிவடைந்தது. ஈழத்துச் சொற்களுக்கும் அதில் இடம் உண்டு. நமது முஸ்லிம் வழக்குகளுக்கு இப்படி வசனத்தோடு கூடிய ஒரு தொகுப்பை நாமே செய்யவேண்டும். எழுத்தாளர்கள் கூடும் இடத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழாதது வியப்பாக இருக்கிறது. கதை எழுதத் தெரிந்தவருக்கே நல்ல எடுத்துக்காட்டு வசனமும் எழுத வரும்.

வகுப்பில் நான் கையாளும் முறை எளியது. சொல்லை எழுதுவேன், ஆங்கிலத்திலேயே விளக்கத்தை வாசிக்கச் சொல்வேன். பிறகு வசனம். யார், யாரை, எங்கிருந்து என்ற மூன்றும் அதில் வந்தாகவேண்டும். தமிழ்ச் சொல்லைக் கடைசியில்தான் தேடுவோம். பத்துச் சொல்லுக்குப் பதில் இரண்டு சொல்தான் முடியும். பெற்றோர் சிலருக்கு இதில் திருப்தியில்லை.

அரச பத்திரங்களில் 2009க்குப் பின் 'பழைய' இடம்பெயர்ந்தோர், 'புதிய' இடம்பெயர்ந்தோர் என்று பிரித்தார்கள். 2008 ஏப்ரலுக்கு முந்தியவர் பழையவர். அகராதியில் தேடவே வேண்டாத அந்தச் சின்னச் சொல்லால் நம்மவர் வரிசையின் பின்னுக்குப் போனார்கள். அதேபோல் றிற்றேணி, அதாவது திரும்பி வந்தவர். புத்தளத்தில் 1995இல் பிறந்து 2010இல் யாழ்ப்பாணத்தை முதன்முதலாகக் கண்ட ஒரு பெண்ணைப் பதிவேடு அப்படித்தான் குறித்தது. திரும்புவதற்கு முதலில் இங்கிருந்து போயிருக்கவேண்டும். இந்தச் சொல்லுக்கு வசனம் எழுதச் சொன்னபோது வகுப்பில் ஒரு பிள்ளை, அவளுடைய உம்மா திரும்பி வந்தார், அவள் வந்தாள், என்று எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் இரண்டு வினைகளும் சரியாகவே இருந்தன.